நோட்டுப் புத்தகத்தோடு நடந்தவர்கள்: சென்னைக் கடற்கரை ஆமை நடையின் ஐம்பது வருடக் கதை

1/
2025 ஜனவரி. சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள கடற்கரைகளிலும் ஒரே மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. பேப்பர்ல படிச்சிருப்பீங்க, டிவியிலும் பார்த்திருப்பீங்க.
"வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம்" என்று எல்லாச் செய்திகளிலும் இருந்தது.
அந்த "வழக்கம்" எவ்வளவுன்னு நமக்கு யார் சொன்னது?

2/
அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். ஒரு மாவட்டத்தில் பிரசவ கால மரணம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல, பல வருடங்களாக யாராவது ஒரு பதிவேட்டை ஒழுங்காக எழுதியிருக்கணும். பதிவேடு இல்லையென்றால் மரணம் இருக்கும், கணக்கு இருக்காது. கணக்கு இல்லாத மரணத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

3/
சென்னைக் கடற்கரை ஆமைகளுக்கு அப்படி ஒரு பதிவேடு இருக்கு. அதில் பெரும்பகுதி, சம்பளம் வாங்காத, இருபது வயசுப் பசங்களும் பொண்ணுங்களும் ராத்திரி ராத்திரியா மணலில் நடந்து எழுதியது.
அவங்க கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

4/
முதலில் நம்ம கதாநாயகி. ஆலிவ் ரிட்லி என்று ஆங்கிலப் பெயர். நம்ம மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. முட்டையிட வரும் காலத்தை வைத்தே பெயர்.
சென்னைப் பக்கம் டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து மார்ச், ஏப்ரல் வரை வரும். ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம்.

5/
ராத்திரி கரையேறும். பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குப் பானை மாதிரி ஒரு குழி தோண்டும். நூறு, நூற்றிருபது முட்டை போடும். மூடும். வயிற்றால் தட்டித் தட்டி மணலை இறுக்கும். மறுபடி கடலுக்குள் போயிடும். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.
குட்டிகள் 45 முதல் 60 நாளில் வெளியே வரும். அம்மா திரும்பிப் பார்ப்பதே இல்லை.

6/
முட்டை போடும்போது ஆமையின் கண்ணில் தண்ணீர் வழியும். "வலியில அழுது" என்று சொல்வார்கள்.
உண்மையில் அது உப்பு. ஆமையின் சிறுநீரகத்தால் கடல் உப்பு முழுவதையும் வெளியேற்ற முடியாது. கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் உப்புச் சுரப்பிதான் அந்த வேலையைச் செய்கிறது. கடலில் இருக்கும்போதும் அது வழிந்துகொண்டேதான் இருக்கும். நாம பார்ப்பது கரையில் மட்டும்.

7/
இன்னொரு விஷயம். குட்டி ஆணா பெண்ணா என்பதை நமக்கு முடிவு செய்வது குரோமோசோம். இதுக்கு மணலின் சூடு. சுமார் 29 டிகிரியைத் தாண்டினால் பெண் குட்டிகள் அதிகம், குறைந்தால் ஆண் குட்டிகள் அதிகம்.
புவி சூடாவதை ஆமை ஆராய்ச்சியாளர்கள் ஏன் கவலையோடு பார்க்கிறாங்கன்னு இப்போ புரியும்.

8/
நம்ம ஆட்கள் இதையெல்லாம் எப்போதிலிருந்து கவனிக்கிறாங்க?
அகநானூறு 160-ஆம் பாட்டில் ஒரு காட்சி வருது. சூல் நிறைந்த ஆமை, கடற்கரையில் அடும்புக் கொடிகளைக் கலைத்து, மணல் மேட்டில் முட்டையிட்டு மறைத்துப் புதைக்கிறது. குஞ்சு பொரியும்வரை ஆண் ஆமை காவல் காக்கிறது என்று பாட்டு சொல்கிறது.

9/
காவல் காப்பது கற்பனை. ஆண் கடல் ஆமை முட்டையிடும் கரைப் பக்கமே வராது. ஆனால் அடும்புக் கொடி, மணல் மேடு, முட்டையைப் புதைத்து மறைப்பது எல்லாம் நேரில் பார்த்தவர் சொல்லும் விவரங்கள்.
அந்த ஊதாப் பூ அடும்புக் கொடி இன்றைக்கும் நம்ம கடற்கரைகளில் படர்ந்து கிடக்கு. பார்த்திருப்பீங்க, பேர் தெரிஞ்சிருக்காது.

10/
சரி, நம்ம காலத்துக்கு வருவோம். 1970களின் தொடக்கம்.
அப்போ கடல் ஆமை என்றால் பெரும்பாலானவர்களுக்கு இறைச்சி, முட்டை, ஓடு. தூத்துக்குடிப் பக்கம் பேராமையை வெட்டி, ரத்தத்தைச் சூடாகக் குடிக்கும் வழக்கம் இருந்தது. மூலம் சரியாகும், ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை.

11/
டாக்டராக இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். ஆமை ரத்தம் மூலத்துக்கு மருந்து என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ரத்தசோகைக்கு அரசு மருத்துவமனையில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்குது.
கடல் ஆமைக் கறியில் வேறு ஒரு ஆபத்தும் இருக்கு. சில நேரம் அது கடும் விஷமாகும். முக்கியமா அழுங்காமைக் கறி. தென் தமிழகக் கடலோரத்திலும் கேரளாவிலும் அதைச் சாப்பிட்டு மனிதர்கள் இறந்தது பதிவாகியிருக்கு. மாற்று மருந்து கிடையாது. சமைத்தாலும் விஷம் போகாது.

12/
1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு நம்ம கடல் ஆமைகள் எல்லாமே அதன் முதல் அட்டவணையில் இருக்கு. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு.
ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நீலாங்கரை மணலில் சட்டம் நடந்து போகாது. யாராவது மனுஷன் நடக்கணும்.

13/
நடந்தவர்களில் முதல் ஆட்கள் பாம்புப் பண்ணைக்காரர்கள். 1969-ல் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் 1970களின் தொடக்கத்தில் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் இரவு நடக்க ஆரம்பித்தார்கள்.
பெரிய திட்டமெல்லாம் இல்லை. ஆமை வருதாமே, பார்க்கலாம் என்ற ஆர்வம்தான்.

14/
அவர்கள் பார்த்தது: கரையேறும் ஆமையின் முட்டையில் பெரும்பகுதி விடிவதற்குள் காலி. ஒன்று மனிதர்கள் எடுத்துப் போய் விற்றுவிடுவார்கள். இல்லையென்றால் தெரு நாய்கள் தோண்டித் தின்றுவிடும்.
அதனால் முட்டைகளைத் தாங்களே முதலில் எடுத்து, வேலி போட்ட பாதுகாப்பான இடத்தில் அதே மாதிரி குழி தோண்டிப் புதைத்தார்கள். பொரிப்பகம் என்று இன்று சொல்வது அதைத்தான்.

15/
அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் சதீஷ் பாஸ்கர். கேரளாக்காரர். சென்னை ஐஐடியில் இன்ஜினியரிங் படிக்க வந்தவர். வகுப்பில் இருந்ததைவிடக் கடற்கரையில் இருந்தது அதிகம். பட்டம் வாங்கவில்லை.
பாம்புப் பண்ணையில் களப்பணியாளராகச் சேர்ந்தார். அதன் பிறகு அவர் நடந்த தூரத்தைக் கேட்டால் மலைச்சுப் போயிடுவீங்க.

16/
இந்தியக் கடற்கரையில் மட்டும் 4,000 கிலோமீட்டருக்கு மேல். எல்லாம் நடை. குஜராத், கேரளா, லட்சத்தீவு, அந்தமான், நிகோபார்.
எந்தக் கரையில் எந்த ஆமை, எத்தனை கூடு, எத்தனை தடம், யார் முட்டை எடுக்கிறார்கள், நாய் உண்டா இல்லையா. எல்லாம் எழுதினார். ஜிபிஎஸ், செல்போன் எதுவும் இல்லாத காலம்.

17/
1982 மழைக்காலம். லட்சத்தீவில் சுஹேலி என்ற ஆளில்லாத் தீவு. பேராமைகள் மழைக்காலத்தில்தான் அங்கே முட்டையிடும். மழைக்காலத்தில் படகு போகாது. அப்போ என்ன வழி?
மழைக்கு முன்னாடியே போய் இறங்கிவிட்டார். மாதக்கணக்கில் தனியாக. வீட்டில் மனைவி, கைக்குழந்தை.

18/
அங்கிருந்து மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் போட்டுக் கடலில் வீசினார். சினிமாவில் வந்தால் "லாஜிக் இல்லை" என்று சொல்லுவோம்.
அந்தப் பாட்டில் இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கைக்குக் கிடைத்தது. அவர் அதைப் பிரித்து, தன் பங்குக்கு ஒரு கடிதமும் குடும்பப் புகைப்படமும் சேர்த்து, அந்த முகவரிக்குத் தபாலில் அனுப்பினார். கடிதம் போய்ச் சேர்ந்தது.

19/
பெரிய நிகோபார் தீவின் கலத்தியா விரிகுடாவில் ஏழுவரி ஆமை முட்டையிடுவதைக் கூடு கூடாக எண்ணிப் பதிவு செய்தவரும் இவர்தான். உலகத்திலேயே பெரிய ஆமை இனம் அது.
இன்று அதே விரிகுடாவில் பெரிய துறைமுகம் கட்டும் திட்டம் இருக்கு. அங்கிருந்த சரணாலய அந்தஸ்து 2021-ல் நீக்கப்பட்டது. அந்தத் திட்டம் பற்றிய வாதங்களில் "அங்கே ஆமை இருக்கு" என்று அடித்துச் சொல்ல முடிகிறதே, அதற்கு அடிப்படை இவர் மாதிரி ஆட்கள் நடந்து எழுதிய குறிப்புகள். 2023 மார்ச்சில் சதீஷ் பாஸ்கர் காலமானார்.

20/
திரும்ப சென்னைக்கு. பாம்புப் பண்ணைக்குப் பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சில வருடங்கள் பொரிப்பகம் நடத்தின. 1980களின் பின்பாதியில் அது தொய்ந்து போனது.
அப்போது கையில் எடுத்தவர்கள் காலேஜ் பசங்க. 1988-ல் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு வலையமைப்பு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.எஸ்.டி.சி.என்.

21/
நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர். சீசனில் தினமும் ராத்திரி. காலையில் காலேஜுக்கும் போகணும்.
ஒரு செட் படித்து முடித்து வேலைக்குப் போனால் அடுத்த செட் வரும். இப்படி 35 வருடங்களுக்கு மேல் ஓடிக்கிட்டிருக்கு. ஆரம்பித்தவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராகி, உலக அளவில் அறியப்படும் ஆமை ஆராய்ச்சியாளர் ஆனார்.

22/
ஒரு இரவில் என்ன செய்வார்கள்?
அலை வந்து போகும் விளிம்புக்கு மேலே நடப்பார்கள். டார்ச் அடிக்காமல். ட்ராக்டர் டயர் போன தடம் மாதிரி கடலிலிருந்து ஒரு கோடு ஏறிவந்து, திரும்ப ஒரு கோடு இறங்கும். அது ஆமைத் தடம். நடுவில் மணல் கலைந்த இடத்தில் ஒரு குச்சியை மெதுவாக இறக்கிப் பார்ப்பார்கள். குச்சி சட்டென்று இறங்கும் இடத்தில் கூடு.

23/
கையால் தோண்டி, முட்டைகளை எண்ணி, துணிப் பையில் எடுத்து, குழியின் ஆழத்தை அளந்து, நோட்டில் எழுதுவார்கள். தேதி, நேரம், இடம், எண்ணிக்கை.
சில மணி நேரத்துக்குள் புதைத்துவிட வேண்டும். நேரமானால் கரு முட்டையின் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் அசைத்தால் செத்துவிடும். பச்சைக் குழந்தையைத் தூக்குவதைவிடக் கவனமா தூக்கணும்.

24/
செத்துக் கிடக்கும் ஆமையையும் விட மாட்டார்கள். ஓட்டின் நீள அகலம் அளப்பார்கள். ஆணா பெண்ணா, காயம் உண்டா, கழுத்தில் வலை சுற்றியிருக்கா என்று பார்ப்பார்கள். அடுத்த நாள் அதையே திரும்ப எண்ணிவிடாமல் இருக்க, எண்ணியதற்கு அடையாளம் வைப்பார்கள்.
இது சரியான தொற்றுநோயியல் வேலைங்க. எம்.பி.பி.எஸ் மூன்றாம் வருஷத்தில் எங்களுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததை, பி.காம் படிக்கிற பையன் கடற்கரையில் செஞ்சுக்கிட்டிருக்கான்.

25/
மீனவர்களைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. ஆரம்ப காலத்தில் முட்டை எடுத்து விற்றவர்களில் அவர்களும் உண்டு. ஆமையைக் கும்பிட்டு, வலையை அறுத்து விடுபவர்களும் அதே குப்பங்களில் உண்டு.
2002-ல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே கடல் ஆமைக் காவலர்களாகச் சேர்த்தது. கரையை அவர்களைவிட யாருக்கு நல்லா தெரியும்? வனத்துறையும் இன்று பல மாவட்டங்களில் உள்ளூர் மக்களை வைத்தே பொரிப்பகங்கள் நடத்துகிறது.

26/
சரி, இவ்வளவு பேர் இவ்வளவு வருஷம் நடந்தும் 2025 ஜனவரியில் ஏன் அப்படி ஆச்சு?
ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. அமைதியாக இருக்கும்போது நீண்ட நேரம் மூச்சைப் பிடிக்கும். வலைக்குள் மாட்டிப் போராடும்போது ஆக்சிஜன் வேகமாகத் தீரும். ட்ராலர் விசைப்படகு வலையை மணிக்கணக்கில் அடியில் இழுக்கும். வலை மேலே வரும்போது ஆமை மூழ்கிச் செத்திருக்கும்.

27/
அந்த ஜனவரியில் ஒதுங்கிய ஆமைகளைப் பிரேதப் பரிசோதனை செய்ததில் மூச்சடைத்து இறந்த அறிகுறிகள் தெரிந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. வனத்துறையும் மீன்வளத் துறையும் கடலோரக் காவல் படையும் ரோந்து போயின. கரைக்குப் பக்கத்தில் வந்த விசைப்படகுகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.
இத்தனையும் நடந்ததற்குக் காரணம், "இது வழக்கமான எண்ணிக்கை இல்லை" என்று முதல் வாரத்திலேயே சொல்ல ஆள் இருந்தது.

28/
இப்போ இந்த இழையின் முக்கியமான இடம்.
குட்டி ஆமைகளைக் கடலில் விடும் வீடியோ நமக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கும்தான். ஆனா ஒரு கணக்கு போடுங்க. ஆயிரம் குட்டியில் ஒன்று வளர்ந்து பெரிய ஆமையாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தோராயம். அதற்கு 12, 15 வருஷம் ஆகும். ஒரு கூட்டுக்கு 110 முட்டை. அப்போ ஒரு பெரிய ஆமைக்கு ஒன்பது, பத்து கூடு தேவை.

29/
ஆயிரம் பெரிய ஆமைகள் செத்தால்? கிட்டத்தட்ட பத்தாயிரம் கூடுகளின் உழைப்பு போச்சு.
எங்க பாஷையில் சொல்றேன். பச்சிளங்குழந்தை வார்டை அருமையா நடத்துறோம். ஆனா தாய்மார்கள் ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியிலேயே சாகுறாங்க. வார்டுக்குப் புது பெயின்ட் அடிப்பது இதற்குத் தீர்வாகுமா? வழியில் என்ன நடக்குதுன்னு பார்க்கணும்.

30/
வழியில் செய்யக்கூடியது இருக்கு. ஆமை வெளியேறும் கருவி என்று ஒன்று. வலையின் உள்ளே சாய்வாகக் கம்பித் தடுப்பு. இறாலும் மீனும் உள்ளே போகும், ஆமை மேலே இருக்கும் திறப்பு வழியாகத் தப்பிக்கும். இதை வைத்துத்தான் அமெரிக்கா 1990களில் நம்ம இறாலுக்குத் தடை போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம படகுகளுக்கு ஏற்ற கருவியையும் உருவாக்கியிருக்கு.

31/
கருவியைப் போட்டால் மீனும் கொஞ்சம் போகும் என்பது படகுக்காரர்களின் பயம். டீசல் விலையில் அது நியாயமான பயம். அந்த இழப்பை யார் ஏற்பது என்று பேசாமல் அவர்களை வில்லன் ஆக்குவதில் பயனில்லை.
முட்டையிடும் காலத்தில் கரையோரத்தில் விசைப்படகுத் தடை, கருவிக்கு மானியம், ரோந்து. இந்த மூன்றும் ஜனவரிக்கு முன்னாடியே நடக்கணும். சடலம் ஒதுங்கிய பிறகு இல்லை.

32/
மீனவ நண்பர்களுக்கு ஒரு மருத்துவக் குறிப்பு. வலையில் அசையாமல் வரும் எல்லா ஆமையும் செத்தது இல்லை. மயக்கமாகவும் இருக்கலாம்.
உடனே கடலில் வீசாதீங்க, மூழ்கிடும். வயிறு கீழே இருக்கிற மாதிரி வைத்து, பின்பக்கத்தை அரை அடி உயர்த்துங்க. நுரையீரல் தண்ணீர் வடியும். நிழலில் வைத்து ஈரத்துணி போர்த்துங்க, மூக்கை மூடாதீங்க. தெளிய சில நேரம் ஒரு நாள்கூட ஆகும். அசைய ஆரம்பித்ததும், இன்ஜினை நியூட்ரலில் வைத்துவிட்டு மெதுவாக இறக்கி விடுங்க.

33/
"டாக்டர், இதில் எங்க உடம்புக்கு என்ன இருக்கு?" என்று கேட்பீங்க.
1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியா மரம் தெரிந்தவர்கள், சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேர்தான், சின்ன ஆய்வு. 2019-ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். தொடர்பு தெரியுது. அதுதான் காரணம் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது.

34/
ஆய்வைவிட என் ஓபி அனுபவம் எனக்கு நெருக்கம். சுகர், பிரஷர் வந்தவர்களிடம் "தினமும் நடங்க" என்று சொல்றோம். பாதிப் பேர் ஒரு மாதத்தில் விட்டுடுவாங்க. சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. எதுக்காகப் போறோம்னு ஒரு பிடிப்பு இல்லை.
நடக்கும்போது எண்ண ஒரு விஷயம் இருந்தால், அடுத்த நாளும் போகத் தோணும். நேற்று பார்த்தது இன்றைக்கும் இருக்கான்னு பார்க்க மனசு அடிச்சுக்கும்.

35/
ஆமை நடைக்குப் போக விரும்புபவர்களுக்கு: சீசனில் வார இறுதி இரவுகளில் எஸ்.எஸ்.டி.சி.என் பொதுமக்களையும் அழைத்துப் போகிறது. முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்க. நீங்களாகத் தனியே போய் கூட்டைத் தோண்டினால் அது குற்றம்.
டார்ச், ஃப்ளாஷ் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். குட்டிகள் கடல் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்துப் போகும் இயல்புடையவை. தெருவிளக்கு தெரிந்தால் ரோட்டுக்கு வந்துவிடும். கடற்கரையோரம் வீடு இருக்கிறவங்க சீசனில் மொட்டைமாடி விளக்கை அணைத்தாலே பெரிய உதவி.

36/
டாக்டரின் எச்சரிக்கை: தளர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஏழு கிலோமீட்டர் லேசுப்பட்டது இல்லை. இதய நோயாளிகள், மூட்டு வலிக்காரர்கள் உங்கள் டாக்டரிடம் கேட்டுட்டுப் போங்க. சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கண்ணாடி குத்தினதுகூடத் தெரியாது. இன்சுலின் போடுறவங்க சாப்பிட ஏதாவது கையில் வெச்சுக்கோங்க.

37/
கடல் இல்லாத ஊரா? பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-லிருந்து நடக்குது. பதினைந்து நிமிடம் உங்க வீட்டு மாடியிலோ, ஊர்க் கண்மாய்க் கரையிலோ நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, இபேர்ட் தளத்தில் பதிவிட்டால் போதும்.
அதுவும் வேண்டாமா? உங்க தெருவில் எத்தனை மரம் என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதி வையுங்க. அடுத்த வருஷம் ரோடு அகலப்படுத்தும்போது "இங்கே ஒண்ணும் இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது.

38/
அகநானூற்றுப் புலவர் பார்த்தார். சதீஷ் பாஸ்கர் நடந்தார். மாணவர்கள் எழுதி வைத்தார்கள். அந்த எழுத்து இருந்ததால்தான் 2025-ல் ஒரு மாநகரமே பதில் சொல்ல வேண்டி வந்தது.
அடுத்த டிசம்பர் கடைசியிலும் ஆமைகள் வரும். விசைப்படகுகள் எங்கே நிற்கின்றன என்று அதற்கு முன்னாலேயே கேட்க ஆள் வேண்டும். நோட்டும் பேனாவும் பத்து ரூபாய்க் கடையிலேயே கிடைக்குது. வாங்கிட்டு வெளியே வாங்க.